மிஸ் அடிக்கும் இன்ஜினும் கியா பார்ம் ஏற்றமும்

மலேசியாவின் கேமரன் மலை அடிவாரத்தில், தாப்பாவில் ஒரு பட்டறை. வால்வ் கவரின் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது என்று ஒரு கார் வருகிறது. நான்கு சிலிண்டர், பெட்ரோல், ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில். நான்கு காயிலையும் கழற்றி, கவரைத் தூக்கி, புது கேஸ்கெட் போட்டு, மறுபடி பூட்டித் தருகிறார்கள். கசிவு நின்றது. மறுநாள் காலை கார் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறிக் கியா பார்ம் சந்தைக் கடைகளை நெருங்கும்போது இன்ஜின் குலுங்குகிறது, மீட்டரில் மஞ்சள் விளக்கு மின்னுகிறது. பட்டறைக்குப் போன்: "அண்ணே, நேத்துதான காடிய எடுத்தேன், இப்ப மிஸ் அடிக்குதே!" ஸ்கேனரைச் செருகினால் பி0302.

இது விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட கார்தான். ஆனால் இதே கதை எல்லா ஊர்ப் பட்டறையிலும் நடக்கிறது. அடுத்து நடப்பதும் தெரிந்ததே. இரண்டாவது சிலிண்டர் என்று ஸ்கேனர் சொல்லிவிட்டது, ஆகவே இரண்டாவது காயில் போய்விட்டது, புதுக் காயில் வாங்கு. இருநூறு வெள்ளியோ கூடவோ செலவாகிறது. விளக்கு அணைகிறது, இரண்டு நாளில் திரும்பவும் எரிகிறது.

ஸ்கேனர் காயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பி0302 என்பதற்குப் பொருள், இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறியது என்பது மட்டுமே. அதைக்கூட இன்ஜினின் கணினி நேரில் பார்ப்பதில்லை. சிலிண்டருக்குள் கண் வைக்க வழியில்லாததால் அது கிராங்க் தண்டின் வேகத்தைத்தான் கவனிக்கிறது. தண்டோடு சுற்றும் பல்சக்கரம் ஒன்று உண்டு. பல கார்களில் அதில் 60 பற்களுக்கு இடம் விட்டு, அடையாளத்துக்காக இரண்டு இடத்தை மட்டும் பல் இல்லாமல் காலியாக வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தைக் கணக்கெடுக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் தண்டு அரைச் சுற்று சுற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிலிண்டர் எரிந்து அதைத் தள்ள வேண்டும். ஐட்லிங்கில், நிமிடத்துக்கு 750 சுற்று என்றால், அந்த அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் 40 மில்லி நொடி. 3,000 சுற்றில் வெறும் 10 மில்லி நொடி. ஒரு தள்ளல் தவறினால் அந்த அரைச் சுற்று மட்டும் ஒரு துளி நீள்கிறது. இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது, பார்க்காமலேயே, தாளத்தை வைத்து எந்தக் கை பிந்தியது என்று சொல்லிவிடலாம் அல்லவா? கணினி செய்வதும் அதுதான். எரியும் வரிசை 1-3-4-2 என்று அதற்குத் தெரியும். கேம் தண்டின் சென்சார் எந்தச் சுற்று என்று சொல்லும். பிந்தியது எந்த இடம் என்று பார்த்துச் சிலிண்டரின் எண்ணை எழுதி வைக்கிறது.

ஆக, அந்தக் குறி ஒரு நேரக்கணக்கு. ஏன் பிந்தியது என்பதைச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக்.

இந்தக் கணக்கைக் காருக்குள் கட்டாயமாகப் புகுத்தியது புகைமூட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கண்ணெரிச்சல் மூட்டத்துக்கு வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோனே காரணம் என்று 1950-களில் காட்டியவர் ஹாலந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் நெருக்கிக்கொண்டே போனதன் விளைவாக, 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் ஓபிடி-2 என்ற தன்சோதனை முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் செருகியும், பி0300 முதலான குறிகளும் அதன் வழி வந்தவை. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று உறுதியில்லாமல் அங்குமிங்கும் தவறுகிறது. பி0301, பி0302 என்று கடைசி எண் கூடினால் அது சிலிண்டரின் எண்.

எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் தேனடை அந்தச் சூட்டில் உருகிப்போகலாம். அதனால்தான் விளக்குக்கு இரண்டு விதம். கன்வெர்ட்டரையே கெடுக்கும் அளவுக்குத் தவறினால் (தண்டின் 200 சுற்றுக்கு ஒரு முறை இதைக் கணக்குப் பார்க்கிறார்கள்) விளக்கு மின்னும். அப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி ஓரங்கட்ட வேண்டும். தவறுவது கொஞ்சம் என்றால், முதல் ஓட்டத்தில் கணினி குறியை நிலுவையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால்தான் விளக்கைப் போடும். பட்டறையிலிருந்து எடுக்கும்போது விளக்கில்லை, மறுநாள் எரிகிறது என்று வாடிக்கையாளரும் பட்டறைக்காரரும் சண்டை போட்டுக்கொள்வதில் பாதி இந்த நிலுவை விதி தெரியாததால் வருவது. இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை.

ரிப்பேருக்கு அடுத்த நாள் வரும் மிஸ்ஸிங்கில் முதல் சந்தேகம் நேற்று கை பட்ட இடத்தின் மேல்தான் விழ வேண்டும். நம் காரில் கை பட்டவை காயில்கள், அவற்றின் செருகிகள், பிளக் குழிகள், சுற்றியுள்ள ரப்பர்க் குழாய்கள். நாள்பட்ட செருகியின் பிளாஸ்டிக் நாக்கு சூட்டில் மொறுமொறுத்துப் போயிருக்கும். கழற்றும்போது உடைந்திருந்தால் 'டிக்' என்ற பூட்டுச் சத்தம் வராது. கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். இன்ஜின் அதிரும்போது தளரும். இது காசில்லாமல் தீரும் பழுது, ஆனால் காயிலை மாற்றினாலும் போகாத பழுது.

எனக்கு அதிகச் சந்தேகம் பிளக் குழியின் மேல். கேஸ்கெட் கசிந்த காலத்தில் எண்ணெய் அந்தக் குழிக்குள் இறங்கி, காயிலின் ரப்பர் உறையை ஊற வைத்திருக்கும். ஊறிய ரப்பரின் காப்பு குறையும். காயில் 12 வோல்ட்டை எடுத்து இருபது, முப்பதாயிரம் வோல்ட்டாக்கிக் கீழே அனுப்புகிறது. அவ்வளவு அழுத்தத்தில் வரும் மின்சாரம் பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவதைவிட ஈரமான உறையின் ஓரமாக இறங்கி இன்ஜின் உடம்பில் சேர்வது எளிது என்று கண்டால் அதையே செய்யும். ஒரு தடவை அப்படி இறங்கினால் பிளக்கின் பீங்கானில் பென்சில் கோடு போல ஒரு கரிக்கோடு விழும். அதற்குப் பிறகு அதுவே அதன் பாதை. காயிலை மட்டும் மாற்றி, கரிக்கோடு விழுந்த பிளக்கை விட்டுவைத்தால் புது உறையிலும் அதே கோடு விழுகிறது. இருநூறு வெள்ளி அப்படித்தான் போகிறது. கியா பார்ம் காலைப் பனியும் விடாத ஈரமும் இந்தக் கோட்டுக்கு உரம்.

இனி, ஏற்றம். தாப்பா கடலிலிருந்து சில பத்து மீட்டர் உயரம். கியா பார்ம் 1,500 மீட்டருக்கும் மேல். பக்கத்தில் நிற்கும் பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,031 மீட்டர். கியா பார்ம் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் உறிஞ்சும் காற்றும், அதனால் அதன் இழுவையும் அந்த அளவை ஒட்டிக் குறைகிறது. மலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. 'மேலே வந்தா பிக்கப் இல்லை' என்பது பழுது அல்ல. அழுத்தச் சென்சார் பார்த்துக் கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால், நல்ல இன்ஜின் பலம் குறைந்தாலும் மிஸ் அடிக்காது.

ஆனால் இந்தச் சாலை ஒரு கோளாறைப் பிரித்துக் காட்டும் விதம் அருமையானது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷென் 1889-இல் வெளியிட்ட விதியின்படி, நெருக்கப்பட்ட காற்றில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று நிறைந்து அழுத்தம் ஏறும். சோர்ந்த காயிலும் தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் அங்கேதான் தோற்கும். சமதரையில் யாரும் அப்படி மிதிப்பதில்லை, ரிங்லெட் ஏற்றத்தில் மிதிப்பார்கள். ஆகவே பட்டறை வாசலில் சீராக ஓடிய கார் ஏற்றத்தில் குலுங்கினால் பொறியின் பக்கம் அல்லது பெட்ரோல் பம்ப்பின் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு வேடிக்கை: அழுத்தக் கணக்கை மட்டும் பார்த்தால், அதே முழு மிதிக்குக் கியா பார்மில் பொறி பாய்வது தாப்பாவைவிட எளிது. 'மேலே போனதும் தானாச் சரியாயிடுச்சு' என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறானது காற்றுக் கசிவு. காற்றுக் குழாயில் வெற்றிடம் அதிகம் இருப்பது ஐட்லிங்கில். அந்தக் குழாயின் கேஸ்கெட் (வால்வ் கவருடையது அல்ல) ஒரு சிலிண்டரின் வாயில் சரியாக உட்காராமல் போனால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் திருட்டுக் காற்று போய், கலவை மெலிந்து, எரிதல் தவறும். மிதித்தால் வெற்றிடம் குறையும், கோளாறும் மறையும். விளக்குச் சந்தியில் நிற்கும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது என்றால் ஸ்பேனர் போக வேண்டிய இடம் காயில் அல்ல.

இந்த இரண்டில் எது என்று ஓட்டுநரின் நினைவை நம்பவும் தேவையில்லை. குறி விழுந்த கணத்தில் இன்ஜினின் சுற்று, சுமை, தண்ணீர்ச் சூடு, வண்டியின் வேகம் எல்லாவற்றையும் கணினி ஒரு படம்போலச் சேமித்து வைக்கிறது. மலிவான ஸ்கேனர்கள்கூட அதைக் காட்டும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அதைவிடக் கொடுமை, முதல் வேலையாகக் குறியை அழிப்பது. குறியோடு சேர்ந்து அந்தப் படமும் போய்விடுகிறது.

கியா பார்ம் சுற்றுவட்டாரத்தில் காய்கறித் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. 2,286 சிசி பெட்ரோல் இன்ஜினும் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய ரகத்தில் விளக்குமில்லை, குறியுமில்லை. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. பிளக் கரி பிடிக்கும். பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்ப்பதே அங்கே நோய் கண்டறிதல்: காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி, பிசுபிசுத்த கறுப்பு என்றால் எண்ணெய், பழுப்பு என்றால் நலம். பனிக்காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து துணியால் ஈரம் துடைத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிளக் படிப்பு புதுக் காரிலும் செல்லுபடியாகும். ஸ்கேனர் வந்ததும் அதை மறந்தது நஷ்டம்தான்.

நம் காருக்கு வருவோம். நான் சொல்லும் முறை புதிதல்ல, கைதேர்ந்த மெக்கானிக்குகள் எல்லாரும் செய்வது. இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றில் போடு, மூன்றாவதை இரண்டில் போடு, ஓட்டு. குறி பி0303 என்று மாறினால் காயில் குற்றவாளி. பி0302-ஆகவே நின்றால் காயில் நிரபராதி. அப்புறம் பிளக்கை இடம் மாற்று, பிறகு இன்ஜெக்டர். ஒரு தடவைக்கு ஒன்றுதான். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி, குறி நகர்ந்தது என்றால் எது நகர்த்தியது என்று யாருக்கும் தெரியாது. மூன்றும் சரியென்றால் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். வால்வ் கவர் கேஸ்கெட்டோடு நின்ற வேலை என்றால் அங்கே கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, டைமிங் செயினைத் தொட்டிருந்தால் நிறையவே உண்டு. சிலிண்டர்களை எண்ணுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜப்பானிய வழி வந்த இன்ஜின்களில் பெரும்பாலும் செயின் பக்கத்தில் இருப்பதே முதல் சிலிண்டர். பியூஜோ கார்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். தலைமாற்றி எண்ணினால் நல்ல காயில் குப்பைக்குப் போகும்.

எதுவுமே கெடாமல் குறி விழுவதும் உண்டு. குண்டுகுழியில் சக்கரம் அடி வாங்கினால் அந்த உலுக்கல் கியர்பாக்ஸ் வழியே கிராங்க் தண்டுக்குப் போய், தவறாத எரிதலைத் தவறியதாகக் காட்டும். சில கார்கள் ஏபிஎஸ் சென்சாரைக் கேட்டு அந்த நேரம் கணக்கை நிறுத்தி வைக்கின்றன. இன்னொன்று, அந்தப் பல்சக்கரத்தில் எந்தப் பல்லும் அச்சாகச் சமமில்லை. அந்த நுண்ணிய வேறுபாட்டைப் பல கார்களின் கணினி ஓட ஓடக் கற்று மனத்தில் வைத்திருக்கும். கிராங்க் சென்சாரை மாற்றினாலோ, சில கார்களில் பேட்டரியைக் கழற்றினாலோ அந்தப் பாடம் அழிந்துபோகிறது.

மறுபடி கற்க அதற்கு வேண்டியது, எந்தச் சிலிண்டரும் எரியாமல் தண்டு சீராகச் சுற்றும் நேரம். கியரில் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வரும்போது கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. தண்டைச் சுற்றுவது சக்கரங்கள். கியா பார்மிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் அப்படிப்பட்ட நேரத்துக்குப் பஞ்சமில்லை. பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் இறங்கினால் பிரேக்குக்கும் நல்லது, கணினிக்கும் பாடம். கீழே வந்ததும் ஸ்கேனரில் நிலுவைக் குறி எதுவும் இருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கே காலியாக இருந்தாலும், நிலுவை விதிப்படி, மறுநாள் குளிர்ந்த இன்ஜினோடு இன்னொரு முறை ஏறிப் பார்த்த பிறகுதான் கூலியைக் கணக்குத் தீர்க்க வேண்டும்.