நேரு திறந்துவைத்த "கருகிய பலகை" கண்காட்சி

புது தில்லி: நாடாளுமன்ற வரலாற்றின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நேரு அரசு 347-க்கு 62 என்ற வாக்குகளில் முறியடித்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. காமராஜ் அப்போதுதான் முதல்வர் பதவியைத் துறந்திருந்தார். சீனப் போரின் காயமும் ஆறவில்லை. அத்தகைய 1963 அக்டோபரில், மண்டி ஹவுஸ் அருகே உள்ள ரவீந்திர பவனுக்கு ஓர் ஓவியக் கண்காட்சியைத் திறந்துவைக்கச் சென்றார் பிரதமர் நேரு.

அங்கு அவர் கண்டவற்றில் தலைவர்களின் உருவங்கள் இல்லை. வயலும் ஆலையும் இல்லை. தீயில் கருகிய பலகைகள் இருந்தன.

"குரூப் 1890" என்று தங்களை அழைத்துக்கொண்ட 12 இளங்கலைஞர்களின் முதல் கண்காட்சி அது, அதுவே கடைசியும்கூட. பெயரைப் பார்த்து ஏதோ ஒரு வரலாற்று ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். 1962-இல் குஜராத்தின் பாவ்நகரில் அவர்கள் கூடிப் பேசிய வீட்டின் கதவு எண்தான் 1890. ரவிவர்மாவின் பாணியும் வேண்டாம், வங்காளப் பள்ளியின் பழமை ஏக்கமும் வேண்டாம், ஐரோப்பாவைப் பார்த்து எழுதும் நகலும் வேண்டாம் என்பது அவர்களது பிரகடனத்தின் சாரம்.

குழுவின் மூளையாக விளங்கியவர் ஜெ. சுவாமிநாதன். 1928-இல் சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; கம்யூனிஸ்ட் இயக்கத்தில் உழைத்துப் பின்னர் விலகியவர்; "லிங்க்" வார இதழில் கலை விமர்சனம் எழுதியவர். கட்சிக்காகச் சுவரொட்டி வரையும் தூரிகையாகக் கலை சுருங்கக் கூடாது என்பதை அனுபவத்தால் அறிந்தவர் என்றே சொல்லலாம். கண்காட்சிக் கையேட்டுக்கு முன்னுரை எழுதித் தந்தவர், அப்போது இந்தியாவில் மெக்ஸிகோ தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ். மெக்ஸிகோவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து 1968-இல் தூதர் பதவியை உதறிய அதே பாஸ்தான். 1990-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தப் பலகைகளுக்குச் சொந்தக்காரர் குஜராத்தின் ஜெராம் படேல். பிளைவுட் பலகையைத் தரையில் கிடத்தி, பட்டறைகளில் உலோகத்தைச் சூடேற்றப் பயன்படும் "புளோ டார்ச்" கருவியின் சுடரை அதன்மீது பாய்ச்சினார். பிளைவுட் என்பது அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட மரத் தகடுகள். மேலடுக்கு கரியாகும், சுடர் சற்றே விலகிய இடத்தில் மரம் பழுப்பேறும், தீ எட்டாத இடத்தில் வெளிர் மஞ்சள் மிஞ்சும். பலகையைக் குடைந்தும் செதுக்கியும் மீண்டும் எரிப்பார். வழக்கமாக ஓவியர் மரத்தின்மேல் வண்ணத்தைப் பூசுவார். இவரோ மரத்துக்குள்ளிருந்தே வண்ணத்தை வரவழைத்தார். "இது என்ன உருவம்?" என்று கேட்பவருக்கு விடை கிடையாது. அருகே சென்றால் தீப்புண்ணைப் பார்ப்பதுபோல் ஒரு நடுக்கம் எழும், அவ்வளவுதான். (இதே குழுவின் ஹிம்மத் ஷா காகிதத்தை எரித்துப் படைப்புகள் செய்தார். தீயின்மீது அந்தத் தலைமுறைக்கு ஏனோ ஒரு மோகம்.)

சென்னைக்கும் இதில் பங்குண்டு. பன்னிருவரில் ஒருவரான ரெட்டப்ப நாயுடு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். ரவீந்திர பவனில் இயங்கும் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர், அப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர்.

1954-இல் அந்த அகாதெமி தொடங்கப்பட்டபோது, நிதி அரசுடையது, நிர்வாகம் கலைஞர்களுடையது என்பதே எண்ணம். அரசைப் புகழாத, எவருக்கும் எளிதில் புரியாத கருகிய பலகைக்கும் அங்கு இடம் கிடைத்தது. பிரதமரே வந்து திறந்துவைத்தார். ஆயினும் ஏற்பாடு நெடுநாள் சுமுகமாக ஓடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அகாதெமி நிர்வாகத்துக்கு எதிராக ஓவியர்கள் போர்க்கொடி உயர்த்தினர்; முன்னணியில் நின்றவர்களில் சுவாமிநாதனும் ஒருவர். நீதிபதி கோஸ்லா குழு 1972-இலும், ஹக்ஸர் குழு 1990-இலும் அகாதெமிகள் குறித்து அறிக்கை அளித்தன. நாடாளுமன்றச் செய்தியாளர்களுக்கு இத்தகைய அறிக்கைகளின் கதி நன்றாகத் தெரியும். இறுதியில், முறைகேட்டுப் புகார்களைக் காட்டி, 2015 ஏப்ரலில் மத்திய கலாசார அமைச்சகமே லலித் கலா அகாதெமியின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. புகார்கள் பொய் என்று எவரும் வாதிட முடியாது. ஆனால், பூட்டைச் சரிசெய்ய வந்தவர் சாவியையும் தம்மிடமே வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அவையில் எழுப்ப வேண்டியவர்கள் உறுப்பினர்கள்தாம். கலை குறித்த விவாதம் என்றாலே வெளிநடப்புக்கு முந்தைய இடைவேளையாகக் கருதும் வழக்கம் இரு தரப்பிலும் உண்டு.

சுவாமிநாதன் 1994-இல் மறைந்தார். ஜெராம் படேல் 2016 ஜனவரியில் வடோதராவில் காலமானார். அதே ஆண்டில் அவரது படைப்புகளைத் திரட்டி, தெற்கு தில்லியின் சாகேத் பகுதியிலுள்ள கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் பெரும் கண்காட்சி நடத்தியது. "குரூப் 1890" குழுவை மீண்டும் நினைவூட்டி "டி.ஏ.ஜி." கலைக்கூடம் கண்காட்சி வைத்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் தனியார் நிறுவனங்கள். நேரு நின்று பார்த்த ரவீந்திர பவன் அப்போது அமைச்சகத்தின் நிர்வாகத்தில் இருந்தது.