குரலால் வாழ்ந்தவர்கள் – 7: டான் லாஃபோன்டைனின் கத்தரிக்கோல்

டான் லாஃபோன்டைனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய தொண்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1940-ல் அமெரிக்காவின் துலூத் நகரில் பிறந்தவருக்கு 13 வயதில் குரல் உடைந்து ஒரேயடியாகக் கீழே இறங்கிவிட்டது. 2008-ல் மறைவதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட ட்ரெய்லர்களில் அது ஒலித்தது. இரண்டும் உண்மை. ஆனால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. அவர் இந்தத் தொழிலுக்குப் பேசுவதற்காக வரவில்லை. ராணுவ இசைக்குழுவுக்கு ஒலிப்பதிவாளராக இருந்தார்; பிறகு நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே வேலை. 1960-களின் தொடக்கத்தில், குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துக்கான வானொலி விளம்பரங்களில் ஃபிளாய்ட் பீட்டர்சனுடன் சேர்ந்து உழைத்தார். எழுதுவதும் வெட்டி ஒட்டுவதும் அவர் பொறுப்பு. படிக்க வேறொருவர் வருவார். ஒரு கௌபாய் பட விளம்பரத்துக்கு அறிவிப்பாளர் வராத நாளில்தான், அவசரத்துக்குத் தானே படித்து அனுப்பினார். படக் கம்பெனி அதையே எடுத்துக்கொண்டது. 1978-ல் பாரமவுண்டின் ட்ரெய்லர் பிரிவுக்கே தலைவரானார். வெறும் குரலுக்கு அந்த நாற்காலியை யாரும் தருவதில்லை.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'ஓர் உலகத்தில்…' என்ற தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ட்ரெய்லருக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை நிமிடம். அதற்குள் பார்வையாளனை இன்னொரு காலத்துக்கோ கிரகத்துக்கோ தூக்கிச் செல்ல வேண்டும். விளக்க நேரமில்லாத இடத்தில், இங்குள்ள விதிகள் அங்கே செல்லாது என்பதை அந்த இரண்டு சொற்கள் உணர்த்திவிடுகின்றன. நொடிகளை எண்ணி வெட்டிப் பழகிய கை கண்ட சிக்கனம் இது. தேய்ந்த வழக்கு என்று இதைத் தள்ளுகிறவர்கள் உண்டு; 2002-ல் வந்த 'காமெடியன்' படத்தின் ட்ரெய்லர் இத்தகைய தொடர்களையே கேலி செய்தது. தேய்ந்தது உண்மைதான். வேலை செய்யாத சொல்லை இத்தனை கம்பெனிகள் இத்தனை ஆண்டுகள் காசு கொடுத்து வாங்கியிருக்குமா?

கனத்த குரல் இல்லாமல் அவர் இந்த உயரத்துக்கு வந்திருப்பாரா என்ற கேள்வி இன்னும் வலுவானது. வந்திருக்க மாட்டார், அன்றைய ஹாலிவுட் கனத்த ஆண்குரலைத்தான் கேட்டது. 2000-ல் 'கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்' ட்ரெய்லருக்கு மெலிசா டிஸ்னி என்ற பெண் குரல் கொடுத்ததே செய்தியானது என்றால், பெண்களுக்குக் கதவு எவ்வளவு இறுக மூடியிருந்தது என்பது புரியும். அந்த அநீதியை நியாயப்படுத்த முடியாது. ஆனால் 'ஜாஸ்' ட்ரெய்லரில் ஒலித்த பெர்சி ரோட்ரிகஸுக்கும், 'காமெடியன்' கேலியில் ஒலித்த ஹால் டக்ளஸுக்கும் அதே கனம் இருந்தது. எல்லோரிடமும் இருந்த ஒன்று, ஒருவரை மட்டும் எப்படி வேறுபடுத்தும்? ஒரு கூடத்திலிருந்து அடுத்ததற்கு லிமோசினில் ஓடி, கையில் கொடுத்த தாளை அங்கேயே புரிந்துகொண்டு, வசனத்துக்கும் இசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சொல்லைப் பொருத்தியது எழுத்தாளரின் மூளை.

குரலை இயந்திரம் நகலெடுக்கும் இந்த நாட்களில் இந்த வேறுபாடு முக்கியம். நகலாவது ஒலிதான், எந்தச் சொல்லை விடுவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவை யாரோ எடுத்தாக வேண்டும். லாஃபோன்டைனின் பெயரால் லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் சங்க அறக்கட்டளை நடத்தும் கூடத்தில், குரல் கலைஞர்கள் மைக்குக்கு முன்னால் பேசிப் பழகுவதோடு, தங்கள் குரலைத் தாங்களே பதிவு செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள்.