டயட் சோடா: அன்று நோயாளிக்கு, இன்று எல்லோருக்கும்

1952-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 'நோ-கால்' என்று ஒரு சோடா விற்பனைக்கு வந்தது. தயாரித்தவர் ஹைமன் கிர்ஷ். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்து சோடா வியாபாரத்தில் முன்னேறியவர். நாட்பட்ட நோயாளிகளுக்கான யூத மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்திலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது. அங்கே சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் கிடந்தவர்களுக்கு, மற்றவர்களைப் போல ஒரு சோடா குடிக்கக்கூட வழியில்லை. அவர்களுக்காகத்தான் கிர்ஷ் மெனக்கெட்டார். சர்க்கரைக்குப் பதிலாக சைக்ளமேட் என்ற இனிப்பூட்டியைச் சேர்த்தார். அதிலும் சோடியம் உள்ள வகை இதய நோயாளிக்கு ஆகாது என்பதால் கால்சியம் உள்ள வகையைத் தேர்ந்தெடுத்தார். நோயாளியின் வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற கரிசனத்தில் பிறந்த பானம் அது. எடையைக் குறைப்பதற்காக அப்போது யாரும் அதை உருவாக்கவில்லை.

இன்று அந்த வகைப் பானம் நம் தெருமுனைக் கடையின் ஃப்ரிட்ஜ் வரை வந்துவிட்டது. ஜிம் முடித்து வரும் இளைஞர் அதை வாங்குகிறார். கல்யாணத்துக்குள் உடம்பைக் குறைத்துவிட வேண்டும் என்று நினைக்கும் பெண் வாங்குகிறார். பிரியாணிக் கடையில் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்கிறார்கள். 'ஜீரோ சுகர்' என்ற எழுத்தைப் பார்த்ததும் எடை குறையும் என்று ஒரு நம்பிக்கை வருகிறது. இதற்கு நேர்மாறாக, டயட் கோக் குடித்தால் இன்னும் குண்டாகிவிடுவோம் என்ற பேச்சும் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. எழுபது ஆண்டுகளில் பானம் மாறியதைவிட, அதைக் குடிப்பதற்கான காரணம்தான் அதிகம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பார்த்தால் எடை பற்றிய கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்கும்.

வார்டிலிருந்து கடைக்கு

நோ-கால் கடைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே கிர்ஷ் நிறுவனத்துக்கு ஒன்று புரிந்தது. வாங்குபவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. உடம்பு பெருக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான் வாங்கினார்கள். விளம்பரங்கள் உடனே திசை மாறின. மெல்லிய இடுப்புள்ள பெண்கள் அவற்றில் இடம்பிடித்தார்கள். பெரிய நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. ராயல் கிரவுன் நிறுவனம் 1958-ல் 'டயட் ரைட்' கொண்டுவந்தது. கோகோ கோலா 1963-ல் 'டேப்' கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டயட் பெப்சி வந்தது.

கோகோ கோலா தன் பெயரை டேப்புக்குக் கொடுக்கவில்லை. இந்தச் சந்தை நிலைக்கும் என்று உறுதியான பிறகு, 1982-ல்தான் 'டயட் கோக்' வந்தது. 1886-ல் தொடங்கிய அந்தப் பெயரை வேறொரு பானத்துக்கு அவர்கள் கொடுத்தது அதுவே முதல் முறை. பிறகு 'டயட்' என்றாலே பெண்களின் பானம் என்று ஆண்கள் ஒதுங்கியதால், 2005-ல் 'கோக் ஜீரோ' இறங்கியது. டேப் 2020-ல் நிறுத்தப்பட்டது. நோயாளிகளுக்காகப் பிறந்த பானம், இப்படி யாரும் யாரையும் கேட்காமல் குடிக்கும் பானமாகிவிட்டது.

உள்ளே இருக்கும் இனிப்பும் மாறிக்கொண்டே வந்தது. சாக்கரின் 1879-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. சைக்ளமேட் 1937-லும் அஸ்பார்டேம் 1965-லும் அதே போலக் கிடைத்தவைதான். ஆய்வகத்தில் கையில் ஒட்டியிருந்தது வாய்க்குப் போய் இனித்தபோதுதான் அவை இனிப்பு என்றே தெரிந்தது. 1976-ல் லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இந்தியரான சசிகாந்த் பட்னிஸிடம் ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். சுவைத்துப் பார்க்கச் சொல்வதாக அவர் காதில் விழுந்தது. சுவைத்தார், இனித்தது. அதுதான் சுக்ரலோஸ்.

அன்றைய பயம், இன்றைய பயம்

அன்றைக்கு மக்களுக்கு இருந்த பயம் புற்றுநோய். சைக்ளமேட்டும் சாக்கரினும் கலந்த கலவையை அதிக அளவில் கொடுத்தபோது எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1969-ல் அமெரிக்க அரசு சைக்ளமேட்டைத் தடை செய்தது. 1977-ல் சாக்கரினுக்கும் தடை வர இருந்தது. மக்கள் கொந்தளித்தார்கள். நாடாளுமன்றம் தலையிட்டுத் தடையை நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் மட்டும் போடச் சொன்னது. எலியின் உடம்பில் கட்டி வரும் விதம் மனிதனுக்குப் பொருந்தாது என்று தெரிந்த பிறகு, 2000-ல் அந்த வாசகமும் நீக்கப்பட்டது. 2023-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அஸ்பார்டேமை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. அதே நேரத்தில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. சாதாரணமாக ஒன்றிரண்டு கேன் குடிப்பவர் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வரமாட்டார்.

இன்றைய பயம் எடையைப் பற்றியது. அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெரியவர்களில் சுமார் 13 சதவீதம் பேர்தான் உடல் பருமன் உள்ளவர்கள். இப்போது 40 சதவீதத்துக்கும் மேல். டயட் சோடாவும் அதே காலத்தில்தான் வளர்ந்தது. பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலும், டயட் பானம் அதிகம் குடிப்பவர்களுக்கு எடை கூடியிருப்பது தெரிந்தது. பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் டயட் பானத்தைத் தேடி வருபவர் யார்? ஏற்கெனவே எடை ஏறியவர், ஏறிக்கொண்டிருப்பவர், வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர். குடை பிடித்தவர்கள் அதிகமாக நனைந்திருக்கிறார்கள் என்பதற்காகக் குடையால்தான் மழை வந்தது என்று சொல்ல முடியாது.

சோதித்துப் பார்த்தபோது

ஆகவே, சீட்டுக் குலுக்கிப் போட்டது போல மக்களை இரு பிரிவாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகளைத்தான் நம்ப வேண்டும். அவற்றில் சிறந்த ஒன்று நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளியானது. இனிப்புப் பானம் குடித்துப் பழகிய 641 பிள்ளைகள், வயது 4 முதல் 11 வரை. ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 250 மில்லி சர்க்கரைப் பானம், மற்றொன்றுக்கு அதே ருசியில் சர்க்கரையில்லாப் பானம். யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, சர்க்கரை குடித்த பிள்ளைகளுக்குச் சராசரியாக 7.37 கிலோ கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 6.35 கிலோ. வளரும் வயதில் ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணமில்லை. ஆக, சர்க்கரைப் பானத்தின் இடத்தில் டயட் பானத்தை வைத்தால் பலன் உண்டு.

தண்ணீரோடு ஒப்பிட்டால் என்ன? இங்கே முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் எடை குறைப்புப் பயிற்சியில் இருந்த 303 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் டயட் பானம் குடித்தவர்கள் 6.21 கிலோவும் தண்ணீருக்கு மாறியவர்கள் 2.45 கிலோவும் குறைந்திருந்தார்கள். இங்கிலாந்தின் லிவர்பூலில் 493 பேரை வைத்து நடந்த சோதனையில் டயட் பானம் குடித்தவர்களுக்கு 7.5 கிலோவும் தண்ணீர் குடித்தவர்களுக்கு 6.1 கிலோவும் குறைந்தது. இந்த இரண்டுக்கும் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பானத் தொழில் சங்கம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தெஹ்ரானில் 62 பெண்களை வைத்து நடந்த சோதனையில் முடிவு நேர்மாறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடித்தவர்கள் 24 வாரத்தில் 8.8 கிலோவும், டயட் பானம் குடித்தவர்கள் 7.6 கிலோவும் குறைந்தார்கள். மூன்று இடத்திலும் எல்லோருமே உணவைக் கட்டுப்படுத்தியவர்கள். எடை குறைந்ததற்கு முதல் காரணம் அந்தக் கட்டுப்பாடு. பானத்தின் பங்கு அதற்குப் பிறகுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, 2023 மே மாதத்தில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சோதனைகளில் செயற்கை இனிப்பு எடுத்தவர்களுக்குச் சராசரியாக 0.71 கிலோ எடை குறைவு. பெரும்பாலும் குறுகிய காலச் சோதனைகள். நீண்ட காலத்தில் எடை குறைந்ததற்குச் சான்று இல்லை. எனவே எடையைக் குறைப்பதற்காக இவற்றை நாட வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை இந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியும் வைத்தது. கிர்ஷ் யாருக்காகத் தொடங்கினாரோ அவர்களுக்கு இந்த அறிவுரை இல்லை. அவருக்குப் பிறகு வந்த வாடிக்கையாளர்களுக்குத்தான்.

நம் ஊர்க் கணக்கு

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, தினமும் இனிப்புச் சோடா குடிக்கும் சமுதாயத்தில் பிறந்தவை. நம் ஊரில் அன்று நிலைமை வேறு. விருந்தாளி வந்தால் 'ஓடிப்போய் ஒரு கலர் வாங்கிட்டு வா' என்று பையனை அனுப்புவார்கள். விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் பொவொண்டோவோ, உள்ளூர்க் கம்பெனியின் பன்னீர் சோடாவோ, கண்ணாடி பாட்டிலில் வரும். குடித்து முடித்ததும் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருவிழாவும் கல்யாணமும் வந்தால் இன்னொன்று கிடைக்கும். சர்க்கரை அதிலும் இருந்தது. ஆனால் எப்போதோ ஒரு நாள் குடித்ததால் எடையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இன்று இரண்டு லிட்டர் பாட்டில் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் நிற்கிறது. 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய 130 கலோரி. தினமும் அதைக் குடிப்பவர் ஜீரோவுக்கு மாறினால் லாபம்தான். ஆனால் அதைப் பிரியாணியோடு வைத்துக்கொண்டு, 'டயட்தானே' என்ற தைரியத்தில் இன்னொரு பீஸ் சிக்கன் 65 எடுத்தால், மிச்சம் பிடித்தது அத்தனையும் அந்தத் தட்டிலேயே போய்விடும்.

கோலாவே குடிக்காத பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை வேறு வழியாக வருகிறது. டீக்கடையில் நின்று பாருங்கள். கிளாஸில் முதலில் விழுவது சர்க்கரை. அதன்மேல் டிகாஷன், பால், ஓர் ஆற்று, நுரையோடு கைக்கு வந்துவிடும். 'சுகர் கம்மி' என்றோ 'வித்தவுட்' என்றோ முன்கூட்டியே சொல்லாதவருக்கு இரண்டு ஸ்பூன் நிச்சயம். நாளுக்கு நான்கு கிளாஸ் என்றால் அந்த 300 மில்லி கோலாவின் சர்க்கரையை எட்டிவிடும். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இதைச் சரியாகப் பிடித்தது. சர்க்கரை நோய் உள்ள 179 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் வரவில்லை. பலன் சிறியதுதான். ஆனாலும் நம் நாக்குக்குச் சர்க்கரை வரும் வழியில் போய்ச் சோதித்தார்கள். 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் கணக்கு வந்த நாட்டில், நமக்கு வேண்டியது இத்தகைய ஆய்வுகள்தான்.

என்ன செய்யலாம்

தினமும் சர்க்கரைப் பானம் குடிக்கும் பழக்கம் உள்ளவர் டயட் பானத்துக்கு மாறலாம். அங்கிருந்து தண்ணீருக்கும் மோருக்கும் மெல்ல நகர்வது இன்னும் நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர் ஒரு விசேஷத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்க ஆசைப்பட்டால் தயங்க வேண்டாம். அஸ்பார்டேம் உள்ளதைப் பீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் தொடக் கூடாது. இதுவரை கோலா குடிக்காதவர், எடை குறையும் என்று நம்பிப் புதிதாக டயட் கோலா தொடங்குவதில் ஒரு பயனும் இல்லை. அவர் எடுத்துவிட அங்கே எதுவும் இல்லை. அவர் கை வைக்க வேண்டியது டீ கிளாஸில், சாயங்கால பஜ்ஜியில், இரவுச் சாப்பாட்டின் அளவில்.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் நாட்டில் விற்கும் டயட் கோலா கேன்களைத் திருப்பிப் பார்த்தால், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த வாசகம் முன்பக்கத்துக்கு வர வேண்டும், தமிழிலும் வர வேண்டும். வரியிலும் ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் 2018 முதல் சர்க்கரை அதிகமுள்ள பானத்துக்குத்தான் தனி வரி. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன. இங்கே 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரைப் பானம், டயட் பானம் இரண்டுக்கும் ஒரே 40 சதவீத ஜிஎஸ்டி. சர்க்கரையைக் குறைப்பவருக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை. சர்க்கரையின் அளவைப் பார்த்து வரி போடுவதும், பள்ளிகளில் நல்ல குடிநீர் தாராளமாகக் கிடைக்கச் செய்வதும் அரசின் கையில் இருக்கிறது. அடுத்த தலைமுறை எதைக் குடித்துப் பழகும் என்பதை எந்த விளம்பரத்தையும்விட இவை இரண்டும்தான் தீர்மானிக்கும்.