வீடு சித்தூரில், விமானம் பெங்களூருவில்: பைலட் இன்டர்வியூவுக்கு முன் போட வேண்டிய தூக்கக் கணக்கு

காலை 6 மணிக்கு பெங்களூருவில் இருந்து கிளம்பும் விமானத்தை நீங்கள் ஓட்ட வேண்டும். வீடு சித்தூரில். அலாரம் எத்தனை மணிக்கு வைப்பீர்கள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் கிளம்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னாடி ரிப்போர்ட் செய்ய வேண்டும். அதாவது காலை 5 மணி. சித்தூரில் இருந்து பலமனேர், முளபாகல், கோலார் வழியாக தேவனஹள்ளி விமான நிலையம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ராத்திரி நேரம், மொகிலி மலைப்பாதையில் லாரிகள், வழியில் ஒரு டீ. நான்கு மணி நேரம் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆக, நள்ளிரவு 1 மணிக்கு வண்டியை எடுக்கணும். 12.15-க்கு எழுந்திருக்கணும். அதை 'காலை' என்று சொல்லவே மனசு வராது.

சித்தூர், திருப்பதி பக்கம் இருந்து பைலட் ஆகும் கனவோடு படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலரும் செலவு, பரீட்சை, மெடிக்கல் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போடுகிறார்கள். வேலைக்கு எப்படிப் போய் வருவது என்பதை மட்டும் கடைசியில் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இன்டர்வியூ அறையிலேயே அது கேள்வியாக வரும்.

இன்டர்வியூ வரை போவது எப்படி?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம். முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கல், பிறகு முதல் வகுப்பு மெடிக்கல். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முதல் வகுப்புப் பரிசோதனைக்கு நன்றாகத் தெரிந்த இடம் பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். பணம் கட்டி ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்வதற்கு முன்பே மெடிக்கலை முடித்துவிடுங்கள். அரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்த பிறகு கண்ணிலோ காதிலோ குறை இருப்பது தெரிய வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து டிஜிசிஏ தேர்வுகள். நேவிகேஷன், வானிலை, விமான விதிமுறைகள், தொழில்நுட்பம் என ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதில் 100 மணி நேரம் நீங்களே பைலட்-இன்-கமாண்டாக இருந்திருக்கணும். ரேடியோவில் பேச ஆங்கிலத் திறன் ஐகாவோ அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை. தெலுங்கு வாடையோ தமிழ் வாடையோ அடிக்கிற ஆங்கிலம் பிரச்சினையே இல்லை. எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா, குழப்பமான நேரத்திலும் தெளிவாகப் பேசுகிறீர்களா என்பதுதான் அளவுகோல்.

உரிமம் கையில் வந்ததும் வேலை வந்துவிடாது. கேப்டன்களுக்குத் தட்டுப்பாடு என்று செய்தி படிக்கிற அதே நாளில், 200 மணி நேர உரிமத்தோடு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். தட்டுப்பாடு அனுபவத்துக்கு, கூட்டம் நிற்பது ஆரம்பப் படியில்.

அறைக்குள் என்ன கேட்பாங்க?

நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை மாறும். பொதுவாக எழுத்துத் தேர்வு, கணினியில் கவனத்தையும் கை–கண் ஒத்துழைப்பையும் சோதிக்கும் தேர்வு, மனநிலைத் தேர்வு, குழு விவாதம், சிமுலேட்டர், நேர்காணல் என்று போகும்.

லாக்புக்கை முந்தின நாளே கூட்டிப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒரு எண், லாக்புக்கில் வேறு எண் என்றால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது. தேர்வில் தோற்றிருந்தால் தோற்றேன் என்று சொல்லுங்க. உரிமம் வாங்கி இரண்டு வருஷம் இடைவெளி என்றால், அந்த நேரத்தில் என்ன படித்தீர்கள், கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்பதற்குப் பதில் வேண்டும்.

தொழில்நுட்பக் கேள்விகளில் மனப்பாடம் ரொம்ப தூரம் வராது. ஒரு உதாரணம். ஒரே விமானம், ஒரே எடை. சென்னையில் கிளம்ப நீளமான ரன்வே வேண்டுமா, பெங்களூருவிலா? பெங்களூரு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,000 அடி உயரம், காற்று மெலிது, இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு, இன்ஜினுக்கும் மூச்சு குறைவு. சரி, சென்னையில் மே மாத மத்தியானம், 40 டிகிரி. இப்போ? கடல் மட்டத்தில் 'ஸ்டாண்டர்ட்' வெப்பநிலை 15 டிகிரி. அதைவிட 25 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி என்று கணக்கு வைத்தால் டென்சிட்டி ஆல்டிடியூட் 3,000 அடி வருகிறது. மீனம்பாக்கத்தில் நிற்கிற விமானம், தான் ஒரு குளிர்ந்த நாளில் தேவனஹள்ளியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். இதை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டத் தெரிந்தால், ஃபார்முலா ஒப்பிப்பவரைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

இன்னொரு வகைக் கேள்வி: "கேப்டன் தப்பு செய்கிறார், நீங்கள் சொல்லியும் கேட்கவில்லை. என்ன செய்வீங்க?" மரியாதை தெரிந்த வீட்டில் வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இது. பெரியவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. 2010 மே 22 அன்று துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் ரன்வேயைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். 8 பேர் மட்டுமே பிழைத்தார்கள். தரையிறங்கும் பாதை சரியில்லை, திரும்ப மேலே ஏறலாம் என்று துணை விமானி சொன்னது காக்பிட் குரல் பதிவில் இருந்தது. கேப்டன் இறக்கினார். அவர் அந்தப் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்ததாகவும், ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழுந்தபின் வரும் மந்தநிலை அவர் முடிவைப் பாதித்திருக்கலாம் என்றும் விசாரணை சொன்னது.

ஆக, அந்தக் கேள்வி பணிவைப் பற்றியது மட்டும் கிடையாது. தூக்கத்தைப் பற்றியதும்தான்.

சட்டப்படி ஓய்வு, நிஜத்தில் ஓட்டம்

சித்தூர் கணக்குக்குத் திரும்புவோம். 5 மணிக்கு ரிப்போர்ட் செய்தவர் நான்கு பயணங்களை முடித்து மதியம் 1.30-க்கு வேலையை முடிக்கிறார். காரை எடுத்து வீடு வர மாலை 5.30. மறுநாளும் காலை 5 மணி ரிப்போர்ட் என்றால் திரும்ப நள்ளிரவு 1 மணிக்குக் கிளம்பணும்.

விதிப்படி அவருக்குக் கிடைத்த ஓய்வு பதினைந்தரை மணி நேரம். இந்தியாவில் இரண்டு பணிகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம், அல்லது முந்தைய பணி எவ்வளவு நேரமோ அவ்வளவு, இரண்டில் எது அதிகமோ அது. காகிதத்தில் தாராளம். ஆனால் அதில் எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தே போய்விட்டது. குளியல், சாப்பாடு, வீட்டாரோடு நாலு வார்த்தை, தூக்கம் எல்லாவற்றுக்கும் மிச்சம் ஏழரை மணி நேரம். அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே படுத்தால்தான்.

நீங்களாக வீட்டில் இருந்து பேஸுக்கு வருகிற பயணம் பணி நேரமாகக் கணக்கில் வராது என்பதுதான் சிக்கல். நிறுவனம் சொல்லி உங்களை வேறு ஊருக்குப் பயணியாக அனுப்பினால் அது பணி. சித்தூரில் இருந்து வருவது உங்கள் சொந்த விஷயம்.

அந்த நாளில் மாலை 5.15-க்கு, வீட்டை நெருங்கும்போது, அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. நம்ம ஊர் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். பைலட்டுக்கோ பிரெத் அனலைசரில் பூஜ்ஜியம்தான் வரணும். மவுத்வாஷ் கூட ஆபத்து. தூக்கம் போதாமல் வருபவரைப் பிடிக்க அப்படி ஒரு குழாய் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் இது பெரிய விவாதமாக வெடித்தது 2009 பிப்ரவரி 12-க்குப் பிறகு. நியூவர்க்கில் இருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தின இரவு சியாட்டிலில் இருந்து நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு விமானம் மாறிப் பறந்து வேலைக்கு வந்திருந்தார். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். முந்தின இரவு அவர் தங்கியது விமான ஊழியர் ஓய்வறையில். விபத்துக்குக் காரணம், வேகம் குறைந்த எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டது. களைப்பு எவ்வளவு பங்கு வகித்தது என்று அளந்து சொல்ல முடியவில்லை. பாதித்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே விசாரணை அமைப்பு கருதியது. அங்கே பணி நேர விதிகள் மாறின. ஆனால் வீட்டில் இருந்து வரும் தூரத்துக்கு யாரும் எல்லை போடவில்லை.

இங்கே, 2024 ஜனவரியில் டிஜிசிஏ கொண்டுவந்த புதிய விதிகள் வார ஓய்வை 36 மணி நேரத்தில் இருந்து 48 ஆக உயர்த்தின. இரவுத் தரையிறக்கங்களை ஆறில் இருந்து இரண்டாகக் குறைத்தன. 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. அதே டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததையும், அதற்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டதையும் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் பயணிகளின் கோபம் நியாயம். இன்னொரு பக்கம், ஓய்வு விதியைத் தள்ளிப்போட்டுத்தான் விமானங்களை ஓட்ட முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு அந்த நிம்மதி முழுசாக வரவில்லை.

ரேணிகுண்டாவில்தான் ஏர்போர்ட் இருக்கே?

இருக்கிறது. 2015-ல் புதிய முனையமும் வந்துவிட்டது. ஆனால் விமானம் வந்து போகிற ஊர் வேறு, பைலட்டுக்கு பேஸ் தருகிற ஊர் வேறு. பேஸ் என்பது பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி மாதிரி இடங்கள். ஊழியர் டிக்கெட்டில் திருப்பதியில் இருந்து ஹைதராபாத் போய் வேலை செய்யலாம்தான். சீட் காலி இருந்தால் மட்டுமே ஏற்றுவார்கள். பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி நேரத்தில் காலி சீட்டை நம்பி ரோஸ்டரை நடத்துவது பெருமாளுக்கே வெளிச்சம்.

சாலையில் சென்னை விமான நிலையம் திருப்பதியில் இருந்து ஏறத்தாழ 140, சித்தூரில் இருந்து 150 கிலோமீட்டர். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருத்தணி–புத்தூர் சாலையில் நடந்து போகும் பக்தர்கள் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கிலோமீட்டரை நம்ப மாட்டார்கள். சித்தூர் மாவட்டம் வழியாகப் போகும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை முழுதாகத் திறந்தால் நேரம் குறையும். தூக்கக் கணக்கு அப்போதும் மாறாது. ஏனென்றால் நள்ளிரவில் வண்டி ஓட்டுவது நள்ளிரவில் ஓட்டுவதுதான்.

நடைமுறையில் செய்யக்கூடியது, பேஸ் ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை எடுப்பது. எலஹங்காவோ பல்லாவரமோ. வேலை நாட்களில் அங்கே, 48 மணி நேர ஓய்வில் சித்தூர். வீட்டில் "இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு எதுக்குடா வாடகை?" என்பார்கள். மேலே போட்ட கணக்கை அம்மாவிடம் காட்டுங்கள்.

இன்டர்வியூவில் "வீடு சித்தூர் என்கிறீர்கள், பேஸ் கொல்கத்தா கொடுத்தால்?" என்று கேட்டால், "எங்கே வேணும்னாலும் ஓகே சார்" என்று அவசரப்பட வேண்டாம். "பேஸ் எதுவோ அந்த ஊரில் குடியிருப்பேன், விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போவேன்" என்று சொன்னால், நீங்கள் யோசித்திருக்கிறீர்கள் என்று தெரியும். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்பார்கள். பிக்-அப் கார் எத்தனை கிலோமீட்டர் வரை வரும், ஸ்டாண்ட்பை நாளில் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்துக்குள் வந்து சேரணும், களைப்பு என்று சொல்லி விமானத்தை மறுத்தால் அதை எப்படிப் பதிவு செய்வீர்கள். மூன்றாவதைக் கேட்கத் தயக்கமாக இருக்கும். எதிரில் கேப்டன் யாராவது உட்கார்ந்திருந்தால், பதில் சொல்வதற்கு முன் அவர் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.