மூடப்படாத ஆறு

விடுமுறைக்குச் செல்லும் தம்பதியர் பலர், பார்க்கவேண்டிய இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு ஓடித்திரிவர். வீடு திரும்பும்போது களைப்பொன்றே மிஞ்சும். ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள சான் அந்தோனியோ அவ்வாறு ஓடிப் பார்ப்பதற்குரிய ஊரன்று. அதன் நடு நகரில் வளைந்து செல்லும் ஆறே வருவோரை ஆறுதலாக நடக்கப் பழக்கிவிடுகின்றது.

ஆறு, தெருமட்டத்துக்கு ஏறத்தாழ 20 அடி கீழே ஓடுகின்றது. படிக்கட்டில் இறங்கும் கணவனும் மனைவியும், வாகன இரைச்சலை மேலேயே விட்டுவிடுகின்றனர். கீழே ஓங்கி வளர்ந்த சைப்பிரஸ் மரங்களின் நிழல், இரு கரையிலும் நடைபாதை, குறுக்கே கற்பாலங்கள், நீரோரத்தே உணவுச்சாலைகள். கால் சோர்ந்தால் படகில் ஏறிக்கொள்ளலாம். ஆர்னசன் அரங்கிலோ மேடை ஒரு கரையில், சபையோர் அமரும் புற்படிகள் மறுகரையில். ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையே ஆறு ஓடுகின்றது.

சில நிமிட நடையில் அலமோ இருக்கிறது. ஸ்பானியப் பாதிரிமார் 1718இல் தொடங்கிய சமய நிலையம் அது. பின்னர் கோட்டையாகி, 13 நாள் முற்றுகைக்குப் பின் 1836 மார்ச் 6ஆம் நாள் மெக்சிக்கோப் படையிடம் வீழ்ந்தது. தெற்கே ஆற்றையொட்டி இத்தகைய நிலையங்கள் இன்னும் நான்கு உள. இவ்வைந்தையும் யுனெஸ்கோ நிறுவனம் 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இத்துணை அமைதியாகத் தோன்றும் இவ்வாறு, ஒருகாலத்தில் நகருக்கு யமனாய் வந்தது. 1921 செப்டெம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். கடைத்தெருக்கள் நீரில் அமிழ்ந்தன. வளைவை மூடி மேலே தெரு அமைத்துவிடலாம் என்ற யோசனை, அக்கால நகரத்தாரிடையே பலமுறை எழுந்ததுண்டு. உயிரைப் பறிகொடுத்தோருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் 1924இல் பெண்மணிகள் முன்னின்று நிறுவிய மரபுப் பாதுகாப்புச் சங்கத்தினர், ஆற்றை அழிக்கலாகாது என வாதாடினர்.

ஆற்றையும் காத்து, ஊரையும் காப்பது எங்ஙனம்? விடை எளியது. மேற்புறத்தே அணைக்கட்டு ஒன்று எழுந்தது. வளைவின் தொடக்கத்தையும் முடிவையும் நேராக இணைக்கும் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. வெள்ளம் வரும்போது வளைவின் வாயிற் கதவுகள் அடைக்கப்படும். பெருநீர் கால்வாய்வழியே விரைந்து போய்விடும். வளைவுக்குள் நீர் அசையாது நிற்கும். 1997இல் நகரின் அடியில் ஏறத்தாழ 3 மைல் நீளச் சுரங்கமொன்றும் நிறைவெய்தியது. மறு ஆண்டே வந்த பெருவெள்ளத்தில் அது நடு நகரைக் காத்தது.

காக்கப்பட்ட வளைவை என்செய்வது என்பதற்கு, ராபர்ட் ஹக்மன் என்னும் இளங் கட்டடக் கலைஞர் 1929இல் ஒரு திட்டம் வரைந்தார். பொருளாதார மந்தத்தால் அது பத்தாண்டு காத்திருந்தது. 1939இல் வேலையற்றோருக்குத் தொழில் வழங்கும் அரசாங்கத் திட்டத்தின்கீழ் பணி தொடங்கி, 1941இல் நிறைவுற்றது. திட்டம் தந்த ஹக்மனோ, பணி முடியுமுன்னரே பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அதன்பின்னும் ஆற்றங்கரை நெடுநாள் ஆளரவமின்றிக் கிடந்தது. நகரின் 250ஆம் ஆண்டையொட்டி 1968இல் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் பின்னரே அதன் புகழ் பரவியது.

இன்று மாலைவேளையில் அங்கு கைகோத்து நடக்கும் தம்பதியருக்கு, கதவுகளும் கால்வாயும் கண்ணிற் படுவதில்லை. அவர்கள் காண்பன நிழலும் நீரும் மட்டுமே. அந்த ஓய்வு இயற்கை தானே தந்ததன்று. அச்சம் மேலோங்கிய வேளையில் ஆற்றை மூடிவிடாமல், அது போக ஒரு வழி வகுத்தவர்கள் பிற்காலத்தாருக்கு வைத்துச்சென்ற செல்வம் அது.