உங்களுக்குத் தெரியுமா? ஹவாய் மொழிச் சொற்கள்

ஹவாய் மொழிக்கு எழுத்துகள் 13தான். உயிர் 5, மெய் 8. அந்த எட்டில் ஒன்று 'ஓகினா': தொண்டையை நொடிப்பொழுது அடைத்துத் திறக்கும் ஒலி. எழுத்தில் தலைகீழ்க் காற்புள்ளி போல மேலே தொங்கும். சின்னக் குறிதானே என்று விட்டுவிட முடியாது. 'பௌ' என்றால் முடிந்தது. நடுவில் ஓகினா வைத்து 'ப'உ' என்றால் புகைக்கரி!

மெய்யில் முடியும் சொல் அங்கே கிடையாது. 'ஸ', 'ர' ஒலிகளும் இல்லை. அதனால் 'மெரி கிறிஸ்மஸ்' அங்கே போய் 'மெலே கலிகிமகா' ஆகிவிட்டது.

'வாய்' என்றால் நன்னீர். அதையே இரட்டித்து 'வாய்வாய்' என்றால் செல்வம்.

ஹொனலுலுவில் வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்று சொல்ல மாட்டார்கள். 'மௌகா' என்றால் மலைப்பக்கம், 'மகாய்' என்றால் கடல்பக்கம். தீவில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்பதால் யாருக்கும் குழப்பம் வராது.

உலகெங்கும் எரிமலை ஆய்வாளர்கள் தினமும் புழங்கும் இரண்டு சொற்கள் ஹவாயிலிருந்து வந்தவை. கயிறு திரித்ததுபோல வழவழப்பாக உறையும் எரிமலைக் குழம்பு 'பாஹோய்ஹோய்'. காலைக் கிழிக்கும் கரடுமுரடான கட்டிகளாக உறைவது ''அ'ஆ'. சரிவில் ஓடி ஆற ஆற, முதல் வகை இரண்டாவதாக மாறிவிடுவது உண்டு.

'விக்கிப்பீடியா'வில் உள்ள 'விக்கி' ஹவாய்ச் சொல். விரைவு என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரைத்தான் வார்டு கன்னிங்ஹாம் 1995-ல் தன் இணையதளத்துக்கு வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ''ஓஹானா'. குடும்பம் என்று பொருள். நம் சேப்பங்கிழங்குதான் ஹவாயில் 'கலோ', அந்த மக்களின் பாரம்பரிய முதன்மை உணவு. தாய்க்கிழங்கை ஒட்டி முளைக்கும் பக்கக் கிழங்குக்கு ''ஓஹா' என்று பெயர். குடும்பம் என்ற சொல் அதிலிருந்து கிளைத்ததுதான். வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவதுபோல! அவர்களுடைய தொன்மக் கதையில் உறவு இன்னும் நெருக்கம். வானத் தந்தை வாகேயாவுக்கு இறந்து பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் கலோ முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாவே மனிதர்களின் மூதாதை. ஆக, கிழங்கு மூத்தவன், மனிதன் தம்பி. அண்ணன் சோறு போடுகிறான். தம்பி அவனைப் பேணி வளர்க்க வேண்டும்.

இவ்வளவு அழகான மொழியைப் பள்ளியிலிருந்தே விரட்டியது 1896-ம் ஆண்டுச் சட்டம். ஆங்கிலமே பயிற்றுமொழி ஆனது. ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்டார்கள். நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது. 1978-ல்தான் அது மாநிலத்தின் ஆட்சிமொழியானது. 1983-ல் சில ஆசிரியர்கள் கூடி, மழலையர் பள்ளிகளுக்காக ''அஹா பூனானா லெயோ' அமைப்பைத் தொடங்கினார்கள். 'பூனானா லெயோ' என்றால் குரல்களின் கூடு.

இன்று ஹவாய்ச் சொற்கள் விண்வெளி வரை போய்விட்டன. 2017-ல் ஹவாயின் ஹலேயகலா மலையிலிருந்த தொலைநோக்கி, வெளியிலிருந்து நம் சூரியக் குடும்பத்துக்குள் புகுந்ததாக அறியப்பட்ட முதல் பொருளைக் கண்டுபிடித்தது. அதன் பெயர் ''ஓமுவாமுவா': தொலைவிலிருந்து முதலில் வந்த தூதன். 2019-ல் முதன்முதலாகப் படமெடுக்கப்பட்ட கருந்துளைக்கு ஹவாயில் சூட்டிய பெயர் 'போவேஹி'. 'குமுலிபோ' என்னும் படைப்புப் பாடலிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவர் பேராசிரியர் லாரி கிமுரா. 1983-ல் அந்தக் கூட்டைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர்.