எந்த விசை முதலில்?

மாணவர்களே, கட்டுரைப் போட்டிக்காக ஒரு மாணவி அவசரமாகத் தட்டெழுதிக் கொண்டுவந்த தாளில் 'ஈப்போ நரகம்' என்று இருந்தது. வகுப்பே சிரித்தது. 'ஈப்போ நகரம்' என்றுதான் அவர் எழுத நினைத்தார். "நான் சரியாத்தான் அடிச்சேன் சார், கம்ப்யூட்டர்தான் மாத்திடுச்சு!" என்றார். அது நடக்கக்கூடியதா?

தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையை, நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும் பயன்படுத்தலாம். அதில் இந்த இரு சொற்களுக்கும் அதே ஐந்து விசைகள்தாம்: ந, க, ர, ம, புள்ளி. க-வும் ர-வும் இடம் மாறினால் போதும், நகரம் நரகமாகிவிடும்.

கணினிக்கு வரிசை எப்படித் தெரிகிறது? சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தாத்தா பாட்டியைக் கேளுங்கள். பால் நிறுக்கும் இடத்தில், வந்து சேர்ந்தவர்களின் கணக்கைக் கிராணி வரிசையாக எழுதுவார். யார் முதலில் மரம் வெட்டி முடித்தார் என்பது அவருக்குத் தெரியாது. கணினியும் அப்படித்தான். விரல் அழுத்திய வரிசை அதற்குத் தெரியாது. செய்தி வந்து சேர்ந்த வரிசைதான் தெரியும்.

சாதாரண யுஎஸ்பி விசைப்பலகை பலவற்றிடம் கணினி விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை, "என்ன செய்தி?" என்று கேட்கும். அந்த இடைவெளிக்குள் இரண்டு விசைகள் அழுந்தினால் இரண்டும் ஒரே செய்தியில் வரலாம். அப்போது எது முதல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதைப் பைத்தானில் சோதித்தோம். பைன்புட் என்ற நிரல் தொகுப்பு (பி, ஒய், என், பி, யு, டி என்று தேடுங்கள்) விசைகளையும் சுட்டியின் பொத்தான்களையும் தனித்தனியாகக் கவனிக்கும். கவனிப்பவர் இருவரானாலும் குறிப்பேடு ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு கிராணிகள் நேரம் குறிக்காமல் இரண்டு ஏடுகளில் எழுதினால், யார் முன்னே வந்தார் என்று எப்படிச் சொல்வது? அதனால் எல்லா அழுத்தத்தையும் நேரத்தோடு ஒரே பட்டியலில் சேருங்கள். விசையை அழுத்திப் பிடித்திருந்தால் 'அழுத்தம்' என்ற செய்தி மீண்டும் மீண்டும் வரும். விசையை விடும்வரை முதல் செய்தியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அந்த மாணவி பலமுறை தட்டெழுதினார். தமிழ் 99-இல் க இருப்பது எச் விசையில், ர இருப்பது எம் விசையில். வேகமாக அடித்தபோது எம் சில முறை முந்தியது. ஆனால் இரண்டுக்கும் இடையிலான நேரம் ஒவ்வொரு முறையும் 8 மில்லி விநாடியைவிடப் பல மடங்கு அதிகம். குற்றவாளி விரல்தான்! அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

ஓர் எச்சரிக்கை. இந்த நிரல் கடவுச்சொல்லையும் பதிவுசெய்துவிடும். உங்கள் கணினியில் மட்டும் சோதியுங்கள். வேறொருவர் தட்டெழுதுவதாக இருந்தால் முதலில் அவரிடம் சொல்லி அனுமதி கேளுங்கள். சோதனை முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுங்கள்.